ஒலுவில் துறைமுகம்: முடிவு கொழும்பில், அரிப்பு ஊரில்

ஒலுவில் துறைமுகத்தைக் கடலரிப்புப் பிரச்சினையாக மட்டும் நான் பார்ப்பதில்லை. அது முகாமைத்துவப் பிரச்சினையும்தான். முகாமையாளர் தனியே முடிவெடுக்கலாம், பிறரைக் கேட்டு எடுக்கலாம், கூடியிருந்தும் எடுக்கலாம் என்று விக்டர் வ்ரூமும் பிலிப் யெட்டனும் 1973இல் வகுத்தார்கள். எது பொருந்தும்? தகவல் யாரிடம் இருக்கிறது, முடிவை யார் சுமக்கப் போகிறார்கள் என்று பார்க்கச் சொன்னார்கள்.

இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கரைவலை இழுப்பவர் அதை வருடம் முழுக்கக் கண்ணால் காண்பவர். குறுக்கே கல்லணை போட்டால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை போகும். அதுவே நடந்தது. அமைச்சர் அஷ்ரபின் கனவாக இருந்த துறைமுகத்தை, அவர் மறைந்து பல வருடங்களின் பின், டென்மார்க் கடனில் துறைமுக அதிகார சபை கட்டியது. 2013 செப்டம்பரில் மகிந்த ராஜபக்ச திறந்து வைத்தார். வடக்கே நிந்தவூர்ப் பக்கம் வரை தென்னைகள் கடலில் சரிந்தன. துறைமுக வாயையோ மணல் அடைத்தது.

பிறகு நடந்ததுதான் கொடுமை. மணலை அள்ளுங்கள் என்றார்கள் படகுக்காரர்கள். அரிப்பை நிறுத்தாமல் அள்ளவிடோம் என்றார்கள் ஒலுவில் மக்கள். இரு தரப்பும் பாதிக்கப்பட்டவர்களே. முடிவெடுத்தவர் எவரும் அங்கே நிற்கவில்லை. யுத்தத்துக்குப் பின் வந்த அபிவிருத்தியில் இது எங்களுக்குப் பழகிய காட்சி (அடிக்கல் நாட்டு விழாவுக்கு மட்டும் எல்லோருக்கும் அழைப்பு வரும்).

படகுக்காரரையும் காணி இழந்தவரையும் பொறியியலாளரையும் ஒரே மேசையில் இருத்தி, அடுத்த கூட்டத்தை ஒலுவிலிலேயே நடத்தட்டும்.