பபிள் டீக் கடை போடுமுன் தேநீர் ஊற்றப் பழகுவோம்

நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாவது வாரம் என் தங்கையின் மகன் ஒரு கோவையுடன் வீட்டுக்கு வந்தான். கட்டாரில் ஆறு வருடங்கள் உழைத்துவிட்டு நாடு திரும்பியவன். இனிப் போவதில்லை என்ற முடிவோடு இருப்பவன். "மாமா, தெஹிவளையில் பபிள் டீக் கடை ஒன்று போடப் போறேன். இடமும் பார்த்தாச்சு. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முந்தி நீங்க ஒருக்காப் பாருங்க" என்றான்.

கோவையைப் புரட்டினேன். பெயர்ப் பலகையின் படம், இளஞ்சிவப்பு நிறக் கதிரைகள், சுவரில் ஒளிரும் எழுத்துக்கள் என எல்லாமே அழகாக இருந்தன. மொத்தச் செலவு 48 இலட்சம் ரூபா. அவனுடைய சேமிப்பு 36 இலட்சம். மீதியை எங்கே தேடப் போகிறாய் என்று கேட்டேன். பதில் இல்லை. அன்றிரவு தங்கைதான் தொலைபேசியில் சொன்னாள். தன் வளையல்களையும் கல்யாணத்துக்குப் போட்ட மாலையையும் விற்கப் போகிறாளாம்.

இந்த வாரம் இந்தப் பானத்தைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் அந்த வளையல்கள்தான்.

பபிள் டீ என்றால் என்ன என்று கேட்கும் மூத்த வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கடும் சாயத்தில் ஊற்றிய தேநீரில் பாலும் சீனிப் பாகும் ஐஸ்கட்டியும் சேர்த்து, அடியில் கறுப்பு நிற உருண்டைகளைப் போட்டு, தடித்த ஸ்ட்ரோ ஒன்றினால் உறிஞ்சிக் குடிப்பதே பபிள் டீ. 'முத்து' எனப்படும் அந்த உருண்டைகள் மரவள்ளிக் கிழங்கின் மாவினால் செய்யப்படுபவை. நாம் கடையில் வாங்கும் சவ்வரிசியும் பெரும்பாலும் அதே மாவில் ஆனதுதான். பலூடாவில் கசகசாவையும் ஜெலியையும் மென்று குடித்துப் பழகிய எமக்கு இது ஒன்றும் அந்நியமான விடயமல்ல.

இதன் தாயகம் தாய்வான். 1980களில் தாய்சுங் நகரின் சுன் ஷுய் தாங் என்ற தேநீர்க் கடையும், தாய்னான் நகரின் ஹன்லின் என்ற தேநீர்க் கடையும் நாங்களே முதலில் செய்தோம் என்று உரிமை கோரின. வழக்கு சுமார் பத்து வருடங்கள் இழுபட்டது. 2019ஆம் ஆண்டில் நீதிமன்றம், இது எவரும் தனியுரிமை கோரத்தக்க பொருளல்ல, யார் முதலில் செய்தார் எனத் தீர்மானிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று கூறிவிட்டது. வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். பபிள் டீ என்ற எண்ணம் எவருக்கும் சொந்தமில்லை. நாளை உங்கள் கடைக்கு எதிரிலேயே இன்னொருவர் அதே கடையைப் போடலாம். அப்படியானால் உங்களிடம் மட்டும் இருப்பது என்ன?

இந்தக் கேள்விக்கு விடை காணும் வரை கையெழுத்து வைக்க வேண்டாம் என்று மருமகனிடம் சொன்னேன். "முதலில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் நல்ல பபிள் டீ எங்கே கிடைக்கிறது என்று எனக்குக் காட்டு" என்றேன். மூன்று வார இறுதிகள் அலைந்தோம். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, நுகேகொட, ராஜகிரிய, வத்தளை எனப் பதினொரு கடைகள். ஒரு குவளைக்கு 700 ரூபா முதல் 1,400 ரூபா வரை கொடுத்தோம். கண்டது என்ன என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். எவருடைய பிழைப்பையும் கெடுப்பது நோக்கமல்ல என்பதால் கடைகளின் பெயர்களைத் தவிர்க்கிறேன்.

முதல் ஐந்து கடைகளிலும் தேநீரே இருக்கவில்லை. பெக்கட்டை வெட்டி, தூளைச் சுடுநீரில் கரைத்து, ஐஸ்கட்டியுடன் குலுக்கித் தந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. "சீனி அரைவாசி போதும்" என்று கேட்டுப் பாருங்கள். தாய்வானில் முழுச் சீனி, அரைச் சீனி, கால்வாசி, சீனியே வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொல்வது சாதாரண வழக்கம். இங்கோ பெரிய கடைத் தொகுதி ஒன்றில் நின்ற பையன் சங்கடத்துடன், "சேர், சீனி தூளுக்குள்ளேயே இருக்கு" என்றான். அவனில் குற்றமில்லை. அவனுக்குக் கற்றுக் கொடுத்தது அவ்வளவுதான்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டதிலிருந்து இந்த நாடு தேயிலையால் அறியப்படுகிறது. 2023, 2024 ஆகிய இரு வருடங்களிலும் நாம் தலா 24 கோடி கிலோவுக்கு மேல் ஏற்றுமதி செய்திருக்கிறோம். அத்தகைய நாட்டின் வர்த்தகத் தலைநகரில் ஒரு பிளேன்டீயின் விலையைப் போல இருபது மடங்கு கொடுத்து, வெளிநாட்டிலிருந்து வந்த தேநீர்ச் சுவைத் தூளை நாம் குடித்துக் கொண்டிருக்கிறோம். பால் சேர்த்தாலும் ஐஸ் கரைந்தாலும் சாயம் நிற்க வேண்டுமென்றால் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையைப் போல உகந்தது வேறெது? இனிப்புக்குக் கித்துள் பாணி இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கோ எந்தக் கிராமத்திலும் விளைகிறது.

அடுத்த குறை முத்துக்களில். முத்தை அரை மணி நேரம் வரை அவித்து, மூடி வைத்துப் புழுங்கவிட்டு, பின் சீனிப் பாகில் ஊற வைக்க வேண்டும். அவித்த மாவு ஆறினால் இறுகும் என்பது பழஞ்சோறு சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும். நான்கு மணித்தியாலங்கள் சென்றால் முத்தின் வெளிப்புறம் குழைந்தும் உட்புறம் சுண்ணாம்புக் கட்டி போலவும் ஆகிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் மோசம். ராஜகிரியவில் ஒரு கடையில் மாலை ஆறு மணிக்குக் குடித்த முத்து காலையில் அவித்தது என்பதைப் பல்லே சொன்னது.

ஒன்பதாவது கடை நுகேகொடையில் ஓர் ஒடுங்கிய குறுக்கு வீதியில் இருந்தது. கதிரைகள் நான்கு. அண்ணனும் தங்கையுமாக நடத்துகிறார்கள். அடுப்பில் கேத்தல் கொதித்துக் கொண்டிருந்தது. துணி வடியில் தேயிலை. முத்துப் பாத்திரத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் '2.40' என்று எழுதி ஒட்டியிருந்தது. அது என்ன என்று கேட்டேன். "அவிச்சு இறக்கின நேரம் அங்கிள். ஆறே முக்காலுக்கு மிச்சம் இருந்தா கொட்டிருவோம்" என்றாள் அந்தப் பிள்ளை. நட்டமில்லையா என்றதற்கு, "அதையும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கோம்" என்றாள். குவளை 850 ரூபா. அரைச் சீனியில் கேட்டோம், தந்தார்கள். தேயிலையின் துவர்ப்பு நாக்கில் நின்றது. முத்து மென்மையாகவும் அதே நேரம் இழுவையாகவும் இருந்தது. மருமகன் குவளையை முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை.

அவனுடைய கோவையில் கொட்டும் முத்துக்கான செலவு எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை. கதிரைகளுக்கு மட்டும் நான்கு இலட்சம் இருந்தது.

கோவையில் இருந்த கணக்கையும் வாசகர்கள் பார்க்க வேண்டும். மாத வாடகை, இரண்டு பேரின் சம்பளம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து 3,15,000 ரூபா. நாளொன்றுக்கு 10,500 ரூபா. மூலப்பொருள் போக ஒரு குவளையில் 350 ரூபா மிஞ்சுமானால், வெறுமனே கடையைத் திறந்து வைத்திருப்பதற்கே நாளுக்கு 30 குவளைகள் விற்க வேண்டும். போட்ட 48 இலட்சம் திரும்புவது அதற்குப் பின்னர்தான். கோவையோ நாளுக்கு 120 குவளை விற்கும் என்று சொல்லியது. நாம் இருவரும் ஒரு புதன்கிழமை பிற்பகல் தெஹிவளையில் அதே போன்றதொரு கடைக்கு எதிரே இரண்டு மணி நேரம் நின்று எண்ணினோம். விற்றது ஒன்பது குவளை.

ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. தூள், பாகு, முத்து, குவளை எல்லாவற்றையும் பெயரைத் தரும் கம்பனியிடமே வாங்க வேண்டும். விலை டொலர் பெறுமதிக்கேற்ப மாறும். இந்த வியாபாரத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. 2025 மார்ச்சில் ஹொங்கொங் பங்குச் சந்தையில் பதிவான மிக்ஸுவே என்ற சீன நிறுவனம் 2024 இறுதியில் 45,000க்கும் அதிகமான கடைகளைக் கொண்டிருந்தது. அதன் வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தன் பெயரில் கடை போட்டவர்களுக்கு மூலப்பொருளும் உபகரணமும் விற்றதால் வந்தது. அதில் தவறொன்றுமில்லை. ஆனால் கடைக்காரர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அவர் தன்னை வியாபாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கம்பனிக்கோ அவர்தான் வாடிக்கையாளர். 2022ஆம் ஆண்டின் சில மாதங்களில் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் மறந்துவிட்டோமா? அன்று இறக்குமதித் தூளை மட்டும் நம்பியிருந்தவர் என்ன செய்திருப்பார்?

இந்த மோகம் நிலைக்குமா என்பதும் கேள்வி. சிங்கப்பூரில் 2000களின் தொடக்கத்தில் தெருவுக்குத் தெரு முளைத்த கடைகள் குறுகிய காலத்தில் மூடப்பட்டன. பல வருடங்கள் கழித்தே அங்கு பபிள் டீ மீண்டும் எழுந்தது. ஜேர்மனியில் 2012இல் உச்சத்தில் இருந்த வியாபாரம், உடல்நலம் பற்றிய அச்சம் பரவியதும் சரிந்தது. தாய்வானிலேயே 2013இல் மாப்பொருட்களில் அனுமதிக்கப்படாத இரசாயனம் கண்டுபிடிக்கப்பட்டபோது முத்துக்களும் மாட்டிக்கொண்டன. ஆகவே பெக்கட்டின் பின்பக்கத்தை வாசிக்கத் தெரியாதவர் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. முத்து மாவுப் பொருள்தான். ஆனால் அதனுடன் போடும் ஜெலியிலும் புடிங்கிலும் ஜெலட்டின் இருக்கலாம். அது எதிலிருந்து பெறப்பட்டது என்று வாடிக்கையாளர் கேட்டால், "தெரியாது" என்பது எமது கடையொன்றில் சொல்லத்தக்க பதிலல்ல. ஸ்ட்ரோவும் அப்படித்தான். ஒரு தடவை பாவித்து வீசும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோக்கள் 2023 ஒக்டோபர் 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. முத்து ஏறும் அளவுக்குத் தடித்த, பானத்தில் கரையாத காகித ஸ்ட்ரோவின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எமது சமூகத்தின் வியாபாரப் பழக்கம் ஒன்றை இங்கு மனம் நோகாமல் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் கொமியுனிகேஷன் போட்டு நாலு காசு கண்டால் அதே வீதியில் ஆறு கொமியுனிகேஷன் வந்தது. பிறகு கைத்தொலைபேசிக் கடை. பிறகு அபாயாக் கடை. பிறகு ஜூஸ் பார். பக்கத்துக் கடையின் பலகையையும் விளக்கையும் பார்த்துப் படியெடுக்கிறோம். உள்ளே அவர் கற்ற தொழிலைப் படியெடுப்பதில்லை. எமது பாட்டன்மார் புறக்கோட்டையில் பெயர் எடுத்தது கடையின் அழகினால் அல்ல. இரண்டு வருடங்கள் மற்றவர் கடையில் மூட்டை சுமந்து, சரக்கின் தரத்தை விரலால் தொட்டு அறியக் கற்ற பின்னரே அவர்கள் சொந்தக் கடை போட்டார்கள்.

எனவே பபிள் டீக் கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பபிள் டீ இந்த நகரில் அரிதாகக் கிடைக்கிறது என்பதே அதற்கு இடம் இருக்கிறது என்பதற்குச் சான்று. பதினொரு கடைகளில் நாம் மீண்டும் போக விரும்பியது ஒன்றுக்கு மட்டும்தான். ஆனால் முதலில் கேத்தலும் வடியும் ஒரு மணிக்கூடும் வாங்குங்கள். நூறு குவளை வீட்டில் ஊற்றிப் பாருங்கள். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பேக்கரியிலோ சாப்பாட்டுக் கடையிலோ ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, வார இறுதியில் மட்டும் விற்றுப் பாருங்கள். ஒருமுறை குடித்தவர் இரண்டாவது முறை வருகிறாரா என்று எண்ணுங்கள். வந்தால் கதிரை வாங்கலாம்.

மருமகன் கையெழுத்து வைக்கவில்லை. முற்பணமாகக் கொடுத்திருந்த 50,000 ரூபா திரும்பவில்லை. அதைப் படிப்புச் செலவு என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். இப்போது களுபோவிலையில் உறவினர் ஒருவரின் பேக்கரியில் ஒரு மேசை போட்டு, சனி, ஞாயிறு தினங்களில் விற்கிறான். முதல் நாள் 14 குவளை. கடந்த ஞாயிறு 31. அவித்த முத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொட்ட வேண்டியிருந்ததாம். எவ்வளவு அவிப்பது என்று அவன் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறான்.

தங்கையின் வளையல்கள் இன்னும் அவள் கையில்தான் இருக்கின்றன. வெளிநாட்டில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்துடன் நாடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் இப்படி ஒரு கோவை வரும். கையெழுத்துக்கு முன், "இதை உன் கையால் செய்து காட்டு" என்று கேட்க ஒரு பெரியவர் அந்த வீட்டில் இருக்கிறாரா? சிந்திப்போம்.