“சுத்திப் பார்த்திட்டு வாறம்”



யாழ்ப்பாணத்தில் கம்பளி நூலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அங்குள்ள செம்மறிக்கு வெள்ளாட்டைப் போல மயிர்தான் உண்டு. கத்தரித்து நூற்கும்படியான கம்பளி கிடையாது. வெயிலும் நமது புத்தளத்து வெயிலுக்குக் குறைந்ததல்ல. ஆனாலும் அங்கே பிள்ளை பிறந்த வீடுகளில் போய்ப் பாருங்கள். தலையில் கம்பளித் தொப்பியும் காலில் கம்பளிக் காலுறையும் இல்லாத பச்சைக் குழந்தையைக் காண்பது அரிது. மார்கழி, தைப் பனி என்றால் தாய்மாருக்கு அவ்வளவு பயம்!

2010ஆம் ஆண்டு தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்கு, 2025 ஜனவரியில் நானும் மகளும் மருமகளும் போயிருந்தோம். கோட்டைக்கு அருகே முற்றவெளியில் நடந்தது. தண்ணீர்ப் பம்பும் தளபாடமும் பார்க்கிற கூட்டத்தைக் கடந்து, கைப்பணிப் பொருட்கள் இருந்த பக்கம் போனோம். பனையோலைப் பெட்டிகளுக்கு அடுத்து ஒரு சிறிய மேசை. அதன்மேல் குழந்தைத் தொப்பிகள், காலுறைகள், மேசை விரிப்புகள், தொழுகைக்குப் போடுகிற வெள்ளைப் பின்னல் தொப்பிகள்.

ஊசியும் நூலும் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. தலையணை உறையின் ஓரத்துக்கு நாம் ‘ரேந்தை’ என்கிறோமே, அது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் தையலும் கற்பித்தார்கள். நம்மவர்கள் எங்கே, யாரிடம் கற்றார்கள் என்பதற்கு அந்த மேசைக்குப் பின்னால் இருந்த சகோதரியே பதில் சொன்னார்.

சோனகதெருவில் பிறந்தவர். 1990 அக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் ஓலைக் குடிசை. நிவாரணமாக வந்த உடுப்பு மூட்டையில் தடித்த கம்பளிச் சட்டைகளும் கிடந்தனவாம். அந்த வெக்கையில் யார் போடுவது? அவருடைய உம்மா அவற்றைப் பிரித்து, நூலைச் சிட்டமாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அடியில் ஒரு பாரத்தைக் கட்டித் தொங்கவிடுவார். காய்ந்ததும் நெளிவு நிமிர்ந்துவிடும். அந்த நூலில்தான் மகள் குரோஷா ஊசி பிடித்தார். (பழைய கம்பளிச் சட்டை வீட்டில் இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். தோய்த்துத் தோய்த்துச் சடைபிடித்துப் போனது மட்டும் பிரிபடாது.)

“இது அசல் கம்பளியா தங்கச்சி?” என்று கேட்டேன்.

“இல்ல ராத்தா. கடையில வாற அக்கிரிலிக் நூல்தான். பொய் சொல்லி விக்க ஏலாது” என்றார். ஒரு துண்டு நூலைக் கொளுத்தியும் காட்டினார். அசல் கம்பளி என்றால் தலைமயிர் கருகும் மணம் வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். இது உருகிக் கறுத்த மணிபோல இறுகிவிட்டது. அதனால்தான் இந்த வகைத் தொப்பியோடு குழந்தையை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. மற்றப்படி தோய்க்கச் சுகம்.

தொப்பியும் காலுறையும் சேர்ந்து 1,800 ரூபா. நூலுக்கு 500 போகும். பின்ன ஏழு மணி நேரம் என்றார். மனதுக்குள் கணக்குப் போட்டேன். மணிக்கு 190 ரூபாகூடத் தேறவில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருந்ததா? “சுத்திப் பார்த்திட்டு வாறம், இதை எடுத்து வையுங்க” என்றேன். இன்ஷா அல்லாஹ்வும் சேர்த்துச் சொன்னேன்.

சகோதரிகளே, இந்தச் சொல் உங்களுக்கும் பழக்கமானதுதானே? வாங்கும் எண்ணம் பாதிகூட இல்லாமல், மேசையை விட்டு நழுவுவதற்காகச் சொல்கிறோம். அதற்கு அல்லாஹ்வின் பெயரையும் துணைக்கு அழைக்கிறோம்!

பிறகு சோனகதெருவுக்குப் போய் ளுஹர் தொழுதோம். உஸ்மானியாக் கல்லூரியைப் பார்த்தோம். அன்று ஊர்மக்களைக் கூடச் சொன்ன மைதானம் அங்கேதான். இன்னும் கூரையில்லாத சுவர்கள் சில, உள்ளே மரம் வளர்ந்து நிற்கின்றன. சாப்பாடு, உறவினர் வீடு என்று அஸரும் ஆகிவிட்டது. வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மருமகள் கேட்டாள்: “மாமி, அந்தத் தொப்பி?”

“பரவாயில்லை, அவ இதுக்குள்ள வித்திருப்பா” என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92ஆம் வசனம் நினைவுக்கு வந்தது. உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டுதுண்டாக்கிய ஒரு பெண்ணை அல்லாஹ் அங்கே உவமை சொல்கிறான். நூலைப் பற்றிய பேச்சல்ல அது. கொடுத்த வாக்கை முறிப்பவர்களைப் பற்றியது. சத்தியத்துக்கும் உடன்படிக்கைக்கும் வந்த வசனம், சந்தையில் சொன்ன சின்னச் சொல்லுக்குப் பொருந்துமா என்று ஆலிம்களிடம் கேளுங்கள். எனக்கு அன்று வேனில் இருக்க முடியவில்லை.

திரும்பிப் போனபோது மேசையில் பாதி காலியாகியிருந்தது. அந்தச் சகோதரி கீழே குனிந்து ஒரு கடதாசிப் பையை எடுத்தார்.

“மத்தியானம் ரெண்டு பேர் இதையே கேட்டாங்க ராத்தா. வாக்குக் குடுத்திட்டன், வேற நிறத்தில எடுங்க எண்டன். அவங்க எடுக்காமப் போயிட்டாங்க.”

1,800 ரூபாவையும் எண்ணிக் கொடுத்தேன். விலை குறைக்கச் சொல்ல நாக்கு எழவில்லை. முன்பொருமுறை பன்னிரண்டு தொழுகைத் தொப்பிக்கு ஓடர் சொன்னவர் வராமலே போனதையும் அப்போதுதான் சொன்னார். மேசையில் கிடந்த வெள்ளைத் தொப்பிகள் அவைதாம். இரண்டை மகள் வாங்கினாள்.

பேரனுக்குத் தொப்பி இன்னும் பெரிது. கண்ணை மூடிக்கொண்டு விழுகிறது. அடுத்த பனிக்குச் சரியாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.