புல்வாருக்குள் இன்னொரு உணவகம்

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் ஒரு பழைய வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, கேட்டுக்கு வண்ணம் பூசி, சுவரில் ஒரு பெயர்ப்பலகை மாட்டினால், அது அநேகமாக உணவகமாகவோ கஃபேயாகவோதான் இருக்கும். ஊர்க்காரர்கள் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது, ஊருக்குப் பணம் வருகிறது என்பது ஒரு பேச்சு. ராத்திரி தூங்க முடியவில்லை, வாசலில் சொந்த வண்டியை நிறுத்த இடமில்லை என்பது இன்னொரு பேச்சு. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசவில்லை. உணவகம் வேறு, அதைத் தேடி வரும் கார் வேறு, இரவு பத்து மணிக்கு மேல் கேட்கும் இசை வேறு, ஏறுகிற வாடகை வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதால் எந்தப் பிரச்சினையும் தீர்வதில்லை. எனவே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், ஏன் இங்கே? மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அவை படம் எடுக்க உதவும். உணவகத்தை வாழவைப்பது இங்கே நடக்க முடிகிறது என்பதுதான். வடக்கே சர்தார் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. முட்டை வடிவமான இந்த வளையத்தையே புல்வார் என்கிறோம். உள்ளே வீதிகள் கட்டம் போட்டதுபோல் நேராக ஓடுகின்றன. 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் வகுத்த கட்ட அமைப்பு அது. 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டியபோதும் கட்டங்கள் மாறவில்லை. வெளியூர்க்காரர் இங்கே வழி தவறுவது கடினம். ரயிலை விட்டு இறங்கி அரை மணி நேரத்துக்குள் கடற்கரைச் சாலையில் உள்ள காந்தி சிலைக்கு நடந்தே போய்விடலாம். வழியில் பத்துப் பன்னிரண்டு வீதிகள் குறுக்கே வரும். ஒவ்வொரு முனையிலும் திரும்பலாமா என்று மனம் கேட்கும்.

ஓட்டல் தொழிலுக்கு இந்தத் தயக்கம் விலைமதிப்பற்றது. காரில் வருபவர் எங்கே சாப்பிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வருகிறார். நடந்து வருபவர் வாசலில் நிற்கிறார், விலைப்பட்டியலைப் படிக்கிறார், உள்ளே எட்டிப் பார்க்கிறார், அடுத்த கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார். அதனால் விளம்பரம் எதுவும் இல்லாத புதுக் கடைக்கும் முதல் வாரமே ஆள் வரும். ஒரு கடையில் மேசை கிடைக்காதவர் இரண்டு வீடு தள்ளி உட்காருகிறார். ரொமேன் ரோலன் வீதியிலும் சுய்ஃப்ரேன் வீதியிலும் கடைகள் ஒன்றை ஒன்று ஒட்டியே திறப்பதற்குக் காரணம் இதுதான். அவர்களுக்குள் போட்டி இருந்தாலும் கூட்டத்தைச் சேர்ந்தேதான் திரட்டுகிறார்கள்.

அடுத்தது வீடு. புல்வாரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீதிகளில் வீடுகள் திண்ணையோடும் தாழ்வாரத்தோடும் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். கிழக்கே பிரெஞ்சு வீடுகள் உயர்ந்த மதிலுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும். கேட்டைத் திறந்தால் முற்றம், ஒரு மரம், அதற்கப்பால் தூண்கள் வைத்த வராந்தா. ஓட்டல் வைப்பவருக்கு இது ஆயத்தமாகக் கிடைத்த இடம். தெருவைத் தொடாமலே முற்றத்தில் பத்து மேசை போடலாம். வீட்டுக்காரருக்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட வீடுகளின் வாரிசுகள் பலர் பிரான்சில் குடியேறிவிட்டார்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவரையும் மரத்தூலம் வைத்த மெட்ராஸ் டெரஸ் கூரையையும் காப்பாற்றச் செலவு அதிகம், வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு. பூட்டிப்போட்ட வீடு மழைக்குத் தாங்காது. அரசுக் கட்டடத்துக்கே அந்தக் கதி வந்தது. கடற்கரைச் சாலையில் இருந்த 19ஆம் நூற்றாண்டு ‘மேரி’ (நகராட்சி) கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல்தான் திறக்க முடிந்தது. குத்தகைக்கு எடுக்கும் உணவகம் கூரையைச் சீர்செய்துகொடுத்தால் ஒரு வீடு பிழைக்கிறது. இந்த நன்மையை மறுப்பவர்கள் புல்வாருக்குள் பூட்டிக் கிடக்கும் வீடுகளை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

வாடகையைப் பற்றிப் பேசும்போதுதான் படம் மாறுகிறது. நடக்கத்தக்க தெரு என்பது பொதுப்பணத்தில் உருவாவது. விளக்கு, நடைபாதை, குப்பை அள்ளுதல், மாலையில் கடற்கரைச் சாலையை மூடி நிற்கும் காவலர் எல்லாம் வரிப்பணம். அந்தத் தெருவில் கூட்டம் கூடக்கூட, அதன் மதிப்பு முதலில் போய்ச் சேருவது இடத்தின் சொந்தக்காரரிடம். அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை உயரும், அட்வான்ஸ் உயரும். உணவக பில்லில் நாம் கட்டும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ஆனால் 2017 நவம்பரிலிருந்து அந்த 5 சதவீத முறையில் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. கடைக்காரர் வாடகைமீது கட்டும் 18 சதவீத ஜிஎஸ்டி முழுக்க அவர் கைச்செலவு. கமர்ஷியல் சிலிண்டர், மின்கட்டணம், மாஸ்டர் சம்பளம் எல்லாம் அதன்மேல். வருமானமோ வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மதியத்தோடு முடிகிறது. சென்னை 150 கிலோமீட்டர், பெங்களூர் 300க்கும் மேல். அங்கிருந்து வருபவர்கள் ஞாயிறு சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் அதே கடையில் சப்ளையர்கள்தான் மேசையைச் சுற்றி நிற்பார்கள். மற்ற நாள்களின் நஷ்டத்தை அந்த வார இறுதியிலேயே எடுக்க வேண்டியிருப்பதால்தான் ஒரு காப்பிக்கு அந்த விலை. ஆசை ஆசையாகத் திறந்த கடைகள் ஒன்றிரண்டு வருடத்தில் பெயர் மாறுவதற்கும் காரணம் பெரும்பாலும் சமையல் அல்ல, இந்தக் கணக்குதான்.

இதிலிருந்து தொழில் செய்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு என்று நம்புகிறேன். உள்ளூர்க்காரர் செவ்வாய்க்கிழமை வந்து சாப்பிடும் விலையில் நாலு பண்டமாவது இருக்கும் கடைதான் நிலைக்கும். நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸ் எந்த அலங்காரமும் இல்லாமல் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததைப் பார்த்தாலே தெரியும். அங்கே சுற்றுலாப் பயணியும் வருகிறார், மார்க்கெட்டுக்கு வந்தவரும் வருகிறார்.

இனி இரவுச் சத்தம். புதுச்சேரியில் இந்தச் சண்டை உணவகத்தோடு அல்ல, சாப்பாட்டோடு மதுவும் பரிமாறும் ரெஸ்டோ பாரோடு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் முற்றத்தில் மீன்குழம்பு பரிமாறும் கடைக்காரரும் வசவு வாங்குகிறார், சத்தமாக இசை போடும் கடையும் உணவகம் என்ற பெயரில் தப்பித்துக்கொள்கிறது. சாப்பாட்டுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம். மதுவுக்கு கலால் துறை உரிமம். இரண்டும் தனித்தனி முடிவுகள். குடியிருப்பு வீதியில் முதலாவதைக் கொடுத்ததால் இரண்டாவதையும் கொடுக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை. ஒலி விஷயத்திலும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. முற்றம் என்பது திறந்தவெளிதான். கூரையில்லாத இடத்தில் கிளம்பும் சத்தத்தை எந்த மதிலும் முழுக்கத் தடுக்காது.

அதே விதிகளில் இன்னொரு வழியும் இருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே எல்லை பகலில் 50, இரவில் 40. 2017இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அரசு முறையாக அறிவித்தால்தான் அது செல்லும். பாரதி பூங்கா அருகே அரசுப் பொது மருத்துவமனை, அதே வட்டாரத்தில் பிரெஞ்சுப் பள்ளி என்று ஒயிட் டவுனின் நடுப்பகுதியே அந்த 100 மீட்டருக்குள் வருகிறது. அறிவிப்பு ஒன்று போதும், புதிய சட்டம் தேவையில்லை.

கார்தான் மிகக் கடினமான பகுதி, அதற்கு இன்னும் கொஞ்சம் பொறுமையாக விளக்கம் வேண்டும். நடக்க முடிகிறது என்பதால் உணவகம் வந்தது. உணவகத்தைத் தேடிக் கார் வருகிறது. கார் நின்ற இடத்தில் நடக்க முடியாது. இந்தச் சுற்றில் கடைசியில் எல்லோரும் தோற்கிறார்கள், உணவகமும்தான். வணிகப் பகுதி நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 2.5 மீட்டர் அகலமாவது வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 1.8 மீட்டராவது வேண்டும் என்கிறது இந்தியச் சாலை காங்கிரஸின் வழிகாட்டி நெறி. சனிக்கிழமை மாலை புஸ்ஸி வீதியில் போய்ப் பாருங்கள். இருக்கிற நடைபாதையில் ஸ்கூட்டர், பக்கத்தில் கார், நடுவில் ஊர்ந்துபோகும் இன்னொரு கார், அதற்கும் நடுவில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு மனிதர்கள்.

பார்க்கிங் இல்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது கடைக்காரர்களின் அச்சம். அந்த அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது, அது அவர்களுடைய பிழைப்பு. ஆனால் அதற்கான பதில் ஊரிலேயே இருக்கிறது. கடற்கரைச் சாலையில் தினமும் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் கிடையாது. அந்த நேரத்தில்தான் அங்கே கூட்டம் அதிகம், சுண்டல் விற்பவர் முதல் ஐஸ்கிரீம் கடை வரை வியாபாரமும் அதிகம். ஆங்கிலப் புத்தாண்டு இரவில் ஒயிட் டவுனுக்குள் வெளி வண்டிகளை விடுவதில்லை. குடியிருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு, மற்றவர்களுக்கு வெளியே வண்டி நிறுத்தம். ஆயிரக்கணக்கானோர் நடந்துதான் போகிறார்கள். வருடத்தில் ஒரு இரவு முடிகிறது என்றால் வார இறுதி மாலைகளில் ஏன் முடியாது? முதியோருக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் பேட்டரி வண்டி, ஓட்டல்களுக்குச் சரக்கு இறக்கக் காலை நேரம், ஆம்புலன்சுக்கு எப்போதும் வழி. இவ்வளவுதான் ஏற்பாடு.

பேசப்படாத இழப்பு ஒன்றும் இருக்கிறது. வாடகை ஏறும்போது முதலில் போவது மளிகைக் கடை, பிறகு தையல்காரர், பிறகு இஸ்திரி வண்டி. தெருவுக்குப் பகலில் உயிர் கொடுப்பவர்கள் இவர்கள். குடும்பங்கள் காலி செய்து, வீடுகள் எல்லாம் உணவகமும் தங்கும் விடுதியுமாகிவிட்டால், அது பேட்டையாக இருக்காது, வார இறுதியில் மட்டும் திறக்கும் ஒரு அரங்கமாக இருக்கும். அங்கே சமைக்கும் மாஸ்டரும் பாத்திரம் கழுவும் அம்மாவும் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள மெஸ்களிலும் தள்ளுவண்டிகளிலும்தான் சாப்பிடுகிறார்கள். அந்தத் தள்ளுவண்டிக்காரரை அழகுபடுத்துதல் என்ற பெயரில் அப்புறப்படுத்த முடியாதபடி 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் பாதுகாக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினராக இருக்கும் நகர விற்பனைக் குழு, கணக்கெடுப்பில் வந்தவருக்குச் சான்றிதழ். உணவகங்களுக்கு வீதியைத் திறக்கும் எந்தத் திட்டமும் இந்தக் குழுவைக் கேட்காமல் நடக்கக் கூடாது.

சமையலறைக் கழிவும் சின்ன விஷயம் இல்லை. வீட்டு அடுப்புக்காகப் போட்ட குழாயில் ஓட்டல் எண்ணெய் இறங்கினால் அது உறைந்து அடைக்கும், கழிவுநீர் பக்கத்து வீட்டில் எதிர்த்துக்கொண்டு வரும். உரிமம் கொடுக்கும் முன் எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருக்கிறதா என்று பார்ப்பது நகராட்சியின் வேலை. வறுத்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. அந்த எண்ணெயை உயிரி டீசல் தயாரிப்புக்கு வாங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் அதைத் தாங்களே பிரித்துக் கையாள வேண்டும் என்பதும் விதியே.

ஆக, புதுச்சேரி அரசிடம் கேட்க வேண்டியது உணவகங்களுக்குத் தடை அல்ல. குடியிருப்பு வீதிகளில் புதிய மது உரிமங்களை நிறுத்துங்கள். மருத்துவமனையையும் பள்ளிகளையும் சுற்றி அமைதி மண்டலத்தை அறிவியுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் ஒயிட் டவுன் முழுவதையும் நடப்பவர்களுக்கு விடுங்கள், வெளியூர்க் கார்களை புல்வாருக்கு வெளியிலேயே நிறுத்த இடம் கொடுங்கள். ஆறு மாதம் நடத்திப் பார்த்து, கடைக்காரர்களின் விற்பனைக் கணக்கையும் குடியிருப்போரின் புகார்களையும் பொதுவில் வையுங்கள். கடற்கரைச் சாலையை மூட அரசுக்குத் தேவைப்படுவது சில தடுப்புகளும் சில காவலர்களும்தான். ஒயிட் டவுனுக்குள் இருக்கும் துய்மா வீதிக்கும் அதற்கு மேல் தேவைப்படாது.