நீச்சற் கல்விக்கு வேண்டும் பொருள்

கோடை விடுமுறை தொடங்கி ஒரு வாரம் கழிவதற்குள், கண்மாயில் குளிக்கப் போன இடத்திலோ, கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையிலோ, சிறுவர் இருவர் மூவர் ஒருவர்பின் ஒருவராக மூழ்கி மாண்டனர் என்ற செய்தி நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஐந்தாறு வரிகளில் வந்துவிடுகிறது. பிறர் அதை விதி என்று சொல்லிப் பெருமூச்சுடன் பக்கத்தைப் புரட்டிவிடலாம். நீச்சல் கற்பிப்பதையே ஜீவனமாகக் கொண்ட பயிற்சியாளருக்கும், பள்ளிப் பிள்ளைகளின் உடலுறுதிக்குப் பொறுப்பேற்றிருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் அவ்வாறு புரட்டிவிட உரிமை இல்லை. முதலில் இறங்கியவன் மண் அள்ளிய பள்ளத்தில் கால் வழுக்கினான் என்பதும், இரண்டாமவன் அவனைப் பிடிக்கக் கைநீட்டித் தானும் உள்ளே போனான் என்பதும், கரையில் நின்றவனுக்குத் தண்ணீரில் குதிக்காமல் ஒரு துண்டையோ கழியையோ நீட்ட வேண்டும் என்று எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை என்பதும் அந்த ஐந்தாறு வரிகளுக்குள்ளேயே நம் கண்ணுக்குத் தெரிகின்றன. இது பாடத்தால் தடுக்கக்கூடிய மரணம். அந்தப் பாடத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற வினாவையே இம்முறை ஆசிரியர் உரைக்கு விஷயமாக எடுத்துக்கொண்டோம்.

நம் நாட்டில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாக அரசாங்கப் பதிவுகளே கூறுகின்றன. உலகம் முழுவதும் 2021-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இவ்வாறு இறந்தனர் என்றும், அவர்களில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

எமது இளம்பருவத்தில் நீச்சலுக்குக் கட்டணம் என்ற பேச்சே கிடையாது. இடுப்பில் தாம்புக் கயிறு. முதுகில் நன்றாகக் காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டு. இறைகிணற்றின் படியில் நின்றுகொண்டு கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டிருக்கும் தாய்மாமன். நாலாம் நாள் அவர் ஒரு குடுக்கையைச் சத்தமில்லாமல் அவிழ்த்துவிடுவார். ஆறாம் நாள் மற்றொன்றும் போய்விடும். கயிறு தளர்ந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதைக் கண்ட பிறகுதான், நாமாகவே மிதந்துகொண்டிருக்கிறோம் என்பது பையனுக்குத் தெரியவரும். அருமையான போதனாமுறை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கிணற்றுப் பள்ளிக்கூடம் எல்லோருக்கும் திறந்திருந்ததா? ஊரின் பொதுக்கிணற்றிலும் குளத்திலும் இறங்கக் கூடாதென்று ஜாதியின் பெயரால் விலக்கிவைக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே கற்கவில்லை; பத்து வயது கடந்த பெண்குழந்தைகளும் அநேகமாகக் கற்கவில்லை. இன்றோ ஆழ்துளைக் கிணறுகள் வந்து, இறைகிணறுகள் பாழ்பட்டு, மாமனும் பிழைப்புக்காகப் பனியன் கம்பெனிக்குப் பயணப்பட்டுவிட்டமையால், அந்தப் பள்ளிக்கூடம் உள்ளவர்க்கும் இல்லாமற் போயிற்று. கற்பிப்பார் குறைந்தனரேயன்றி ஆபத்துக் குறையவில்லை. ஆற்றின் நடுவே மணல் அள்ளிய மடுக்களும், செங்குத்தான கரையுடைய கல்குவாரிக் குழிகளும், பிளாஸ்டிக் விரிப்புப் போர்த்திய பண்ணைக்குட்டைகளும் புதிதாகத் தோன்றியிருக்கின்றன. அந்த விரிப்பில் பாசி படிந்துவிட்டால், நீந்தத் தெரிந்தவனுக்கே கைப்பிடிப்பு அகப்படாது.

நகரங்களில் நீச்சற் குளங்கள் பெருகியிருக்கின்றனவே என்பர். அங்கே மாதக் கட்டணமும், நீச்சலுடையும், போக வரப் பேருந்துச் செலவும் சேர்ந்து, தினக்கூலிக் குடும்பம் ஒன்றின் ஒரு வாரச் சாப்பாட்டையே விழுங்கிவிடும். ஏரிக்கரையில் குடிசை போட்டிருப்பவரின் மகள் அந்தக் குளத்தைக் கண்ணாலும் கண்டதில்லை.

வங்காளதேசத்தில் இந்த வினாவுக்குக் கிடைத்த விடையை நம் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். அங்கே 2003-ஆம் ஆண்டில் வீடுவீடாக நடத்திய ஆய்வில், ஆண்டுக்குச் சுமார் 17,000 குழந்தைகள், அதாவது நாளொன்றுக்கு 46 பேர், நீரில் மூழ்கி இறப்பது தெரியவந்தபோது, அந்நாட்டவர் மாவட்டந்தோறும் ஓடு பதித்த குளம் கட்ட முற்படவில்லை. காயத் தடுப்பு ஆராய்ச்சிக்கென 2005-இல் அமைந்த ஒரு நிலையம், ஆஸ்திரேலியாவின் ராயல் லைஃப் சேவிங் சங்கம் முதலிய அமைப்புகளின் துணையோடு, ‘ஸ்விம்சேஃப்’ என்னும் பாடத்திட்டத்தை வகுத்து, அதைக் கிராமத்துக் குட்டைக்கே கொண்டுபோயிற்று. சேற்றில் மூங்கில் ஊன்றி, நீருக்கடியில் குழந்தை நின்றால் தலை வெளியே இருக்கும் ஆழத்தில் மூங்கில் தளம் பரப்பி, சுற்றிலும் வேலி அடைத்துவிட்டால் வகுப்பறை ஆயிற்று. அந்த ஊர் இளைஞரும் இளம்பெண்டிருமே பயிற்சி பெற்று உபாத்தியாயராயினர். தேர்ச்சிக்கு அளவுகோல் பதக்கமன்று. 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், தத்தளிப்பவனுக்குக் கரையிலிருந்தே கழி நீட்டத் தெரிய வேண்டும். இவ்வாறு 4 முதல் 12 வயது வரை கற்ற குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது பத்தில் ஒன்பது பங்குக்குமேல் குறைந்தது என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

நான்கு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு நீச்சல் பயன்படாது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. தாய் அடுப்படியில் இருக்கும் காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரைக்குள்ளேயே அச்சிசுக்களில் பெரும்பாலோர் இறந்தமையால், அந்நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ள, முந்தானை என்று பொருள்படும் ‘ஆஞ்சல்’ என்ற பெயரில் கிராமக் காப்பகங்களைத் திறந்தனர். பதினைந்து ஆண்டுக் காலம் வெளிநாட்டு நன்கொடையைப் பெரிதும் நம்பி நடந்த இந்த முயற்சியை, 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டு, 16 மாவட்டங்களில் 8,000 காப்பகங்களுக்கும் 3,60,000 குழந்தைகளின் நீச்சற் பயிற்சிக்குமாகச் சுமார் 270 கோடி டாக்கா மதிப்பிலான திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் பெரும்பகுதி அரசாங்கத்தின் சொந்தப் பணம். தர்மவானின் மனம் மாறினால் தர்மம் நின்றுபோகும். வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பாக ஏறிவிட்ட செலவை நிறுத்துவதற்கு ஒருவர் கையெழுத்திட்டுப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த வித்தியாசத்தைத்தான் நாம் வற்புறுத்த விரும்புகிறோம்.

நம்மிடம் பணமே இல்லை என்பது சரியன்று. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாயும், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய் வரையிலும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரையிலும் விளையாட்டு மானியம் உண்டு. ஆனால் அது உபகரணம் வாங்க ஏற்பட்டது. பந்து வாங்கலாம், நீச்சல் சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு மதிப்பூதியம் கொடுக்க முடியாது. கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி பெரிய நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் விளையாட்டுப் பயிற்சியும் இடம்பெற்றிருக்கிறது. அப்படி வரும் பணமும் பெரும்பாலும் பெயர்ப்பலகை வைக்க வசதியான கட்டடத்தையே நாடிச் செல்கிறது. மூங்கில் தளத்தில் பெயர் பொறிக்க இடமில்லை. மூன்றாம் மழைக்காலத்தில் அது உளுத்தும் போய்விடும். ஆகையால் நன்கொடையாளரை அணுகும் நம்மவர்கள், கட்டடம் வேண்டாம், மூன்றாண்டு மதிப்பூதியம் கொடுங்கள், ஆண்டுதோறும் தளம் புதுப்பிக்கவும், குட்டையில் தூர் வாரவும், பயிற்றுநருக்கு முதலுதவியும் நெஞ்சழுத்தப் பயிற்சியும் அளிக்கவும் கொடுங்கள் என்று துணிந்து கேட்க வேண்டும். பதினைந்து நாள் கோடை முகாமும் சான்றிதழும் குழுப் புகைப்படமும் எளிதில் கிடைக்கும் என்பதற்காக அவற்றோடு திருப்தியடைவது நம் தொழிலுக்கே குறை.

பெண் பயிற்றுநரைப் பற்றி ஒரு வார்த்தை. பாவாடை சட்டையோடும் சுடிதாரோடும் தண்ணீரில் விழும் குழந்தைக்கு, அதே உடையோடு மிதந்து கரைசேரக் கற்பிக்க வேண்டும். அதைக் கற்பிக்கப் பெண் ஒருத்தி இருந்தாலன்றித் தாய்மார் தம் மகளிரை அனுப்ப இசையமாட்டார். ஊருக்குள் நீந்தத் தெரிந்த பெண் ஒருத்தியேனும் இருப்பாள். அவளைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் கடமை. நீந்தத் தெரிந்த பிள்ளை அச்சமற்று ஆழத்துக்குப் போய்விடுமே என்று சில பெற்றோர் தயங்குவது நியாயமே. எங்கே இறங்கக் கூடாது என்பதை முதல் நாளிலும், எப்படி நீந்துவது என்பதைப் பிறகும் சொல்லிக்கொடுத்தால் அந்தத் தயக்கம் தானே நீங்கும்.

ஆகவே இவ்விதழைப் படிக்கும் பயிற்சியாளரும் உடற்கல்வி ஆசிரியரும், தம் ஊராட்சிக்குட்பட்ட குளம், குட்டை, கிணறு, குவாரிக் குழி ஆகியவற்றையும், அவற்றின் அருகே வசிக்கும் 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளின் தொகையையும், கற்பிக்க வல்ல ஆண் பெண் இருபாலரையும் ஒரு தாளில் எழுதி, இன்ன செலவு ஆகும் என்ற மதிப்பீட்டோடு கிராமசபையின்முன் வைக்குமாறு வேண்டிக்கொள்கிறோம். உலக நீர் நாளாகிய மார்ச் 22-இல் கூடுவதே கோடை விடுமுறைக்கு முந்திய கடைசிக் கிராமசபை.