முள்ளுக்கு டயரோட விலை தெரியாது

போன ஞாயிற்றுக்கிழமை காலையில மல்லாட்டைக்குக் களை எடுத்துக்கிட்டு இருந்தோம். ஏரிக்கரைப் பக்கமிருந்து நாலு தம்பிங்க தலையில ஹெல்மெட்டோட சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. சென்னைக்காரங்க. ஆரோவில் காட்டுப் பாதையெல்லாம் ஓட்டிட்டு, எங்க இரும்பை வழியா திண்டிவனம் ரோட்டைப் பிடிக்கலாம்னு வந்திருக்காங்க. அதுல ஒருத்தருக்குப் பின் சக்கரம் பஞ்சர். போர் கொட்டகையில என் பம்பும் ஒட்டுச் சாமானும் இருந்ததால கூப்பிட்டு உட்கார வச்சேன்.

டயரைக் கழட்டி உள்பக்கம் விரலால தடவினா, வேலிக்கருவை முள். ஒரு இன்ச்கூட இல்லை. டயரையும் தாண்டி டியூப்ல நிக்குது.

"இந்த டயர் ஒண்ணு மட்டும் 3,800 ரூபாய்ணா"ன்னு அந்தத் தம்பி சொன்னார். சொல்லிட்டு என் சைக்கிள் டயரைப் பார்த்தார். "இது எவ்ளோ?" 450 ரூபாய்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "அப்போ ரெண்டும் ஒண்ணுதானாண்ணா? நாங்கதான் ஏமாந்துட்டோமா?"

ஒண்ணு இல்லை தம்பி, நீங்க ஏமாறவும் இல்லைன்னு சொன்னேன். அதுக்குள்ள வெயில் ஏறிடுச்சு, அவங்க கிளம்பிட்டாங்க. மிச்சத்தை இங்க எழுதறேன்.

நான் சைக்கிள் மிதிக்க ஆரம்பிச்சு நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல்ல அப்பாவோட 28 இன்ச் பெரிய சைக்கிள், அதுல குரங்குப் பெடல். இப்ப ஏழு வருஷமா பையன் விட்டுட்டுப் போன கியர் சைக்கிள், பட்டன் டயர் போட்டது. நகரத்துல மவுண்டன் பைக்னு சொல்றீங்களே, அதுதான். நான் அதுல மலை ஏறினதில்லை. கேரியர் வச்சு, பால் கேன் மாட்டி, சொசைட்டிக்குப் போறேன். புல்லுக்கட்டு ஏத்தறேன். ஆனா மலை மேல இல்லாத கஷ்டமெல்லாம் டயருக்கு எங்க ஊர்லயே இருக்கு.

செம்மண்ணு. காய்ஞ்சா கல்லு மாதிரி, அதுமேல சின்னச் சின்னச் சரளை, கோலிக்குண்டு கொட்டி வச்ச மாதிரி. நனைஞ்சா சக்கரத்துல அப்பிக்கிட்டு மட்கார்டுல அடைச்சுக்கும். 2024 கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டருக்கு மேல பெய்ஞ்சுது. அந்தத் தண்ணி எங்க வண்டிப்பாதையை முழங்கால் ஆழத்துக்கு அறுத்துட்டுப் போச்சு. இது எல்லாத்துக்கும் மேல வேலிக்கருவை. நீதிமன்றமே 2017ல வெட்டி எடுக்கச் சொல்லுச்சு. எடுத்தாங்க, மறுபடி முளைச்சுது. வெட்டின கிளையை வேலிக்கு இழுத்துட்டுப் போறப்ப உதிர்ற முள்ளுதான் பாதை பூரா கிடக்கு.

இந்தத் தரையில ரெண்டு வகை டயரையும் ஓட்டிப் பார்த்தவன் நான். எப்படின்னா, பக்கத்துல தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர், எங்கிட்ட பால் வாங்கினவர், ஊருக்குத் திரும்பறப்ப அவர் சைக்கிள்ல இருந்த ரெண்டு டயரையும் கழட்டிக் குடுத்துட்டுப் போனார். வெளிநாட்டு டயர், பாதிகூடத் தேயலை. அளவும் சரியா இருந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டினேன். அது தேய்ஞ்சப்புறம் லூதியானாவுல செய்யற நம்ம நாட்டு டயர் போட்டேன், ஒண்ணு 450.

வெளிநாட்டு டயரைப் போட்ட முதல் நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சைக்கிள் தானா ஓடுற மாதிரி இருந்துச்சு. மிதியை நிறுத்தினாலும் உருண்டுகிட்டே போகுது. அதுல பொய்யே இல்லை. காரணம் விசாரிச்சேன். டயருக்குள்ள நூல் பின்னி இருக்கும், ரப்பர் அதுக்கு மேல பூசினதுதான். ஒரு இன்ச்சுக்கு எத்தனை நூல்னு டயர் ஓரத்துல டி.பி.ஐ.ன்னு எண் போட்டிருப்பாங்க. விலை குறைஞ்சதுல 27, 30னு இருக்கும். விலை கூடினதுல 60, 120. நூல் மெலிசா நெருக்கமா இருந்தா டயர் வளைஞ்சு குடுக்கும், கல்லு மேல ஏறி இறங்கறப்ப நம்ம மிதியைத் தின்னாது. ஓரத்துல இரும்புக் கம்பிக்குப் பதிலா உறுதியான இழை வச்சிருப்பதால எடையும் குறையும், மடிச்சுப் பையிலகூட வச்சுக்கலாம். ரப்பர் கலவையும் வேற, ஈரப் பாறையில பிடிக்கும்.

ஆனா அதே மெலிசு நூல்தான் எங்க ஊர்ல வினை. பக்கச்சுவர் மெலிசு. சரளையோட கூர்முனை உரசி உரசி ஒரு பக்கம் கிழிஞ்சு நூல் வெளிய வந்துடுச்சு. முள்ளு விஷயத்துல இன்னும் வேடிக்கை. பால் கணக்கு எழுதற நோட்டுல பஞ்சரையும் குறிச்சு வைப்பேன். அந்த டயர்ல ஒரு வருஷத்துல பதினொண்ணு. 450 ரூபாய் டயர்ல அடுத்த வருஷம் ஒன்பது. அந்த ரெண்டு வித்தியாசத்தை வச்சு எதுவும் பெருமை பேச முடியாது. எந்தப் பாதையில போனேன், யார் அன்னிக்கு வேலி அடைச்சாங்க என்பதைப் பொறுத்தது அது. நான் சொல்ல வர்றது, விலை எட்டு மடங்கு, பஞ்சர் ஏறக்குறைய அதேதான்.

முள்ளைத் தாங்கறதுக்குன்னே செய்யற டயரும் இருக்கு, அதையும் சொல்லிடணும். ஜெர்மன்காரன் ஷ்வால்பே கம்பெனியில மாரத்தான் பிளஸ்னு ஒண்ணு, டயருக்கு அடியில 5 மில்லிமீட்டர் கனத்துக்கு ரப்பர் பட்டை வச்சே வருது. நல்ல சரக்கு, கனமும் அதிகம். எங்க ஊர் கடைக்காரர் அதே வேலையை வேற விதமா செய்வார். தேய்ஞ்ச டயரோட ரெண்டு ஓரக் கம்பியையும் அறுத்து எறிஞ்சுட்டு, நடுப்பட்டையை மட்டும் புது டயருக்குள்ள விரிச்சு, அதுமேல டியூப் போடுவார். கூலி 40 ரூபாய். மிதிக்கக் கொஞ்சம் பாரமா இருக்கும், ஆனா முள்ளு பாதிக்குப் பாதி குறையும். மூணா வெடிச்ச லிங்கத்தைச் செப்புப் பட்டை போட்டுக் கட்டி இன்னிக்கும் கும்பிடுற ஊரு எங்க ஊரு. ஒட்டுப் போட்டுக் காப்பாத்தறது எங்களுக்குப் புதுசு இல்லை.

இப்ப, நான் நிஜமா சொல்ல வந்தது இனிமேதான்.

டயர்னா ரெண்டு வகைதான், விலை குறைஞ்சது, விலை கூடினதுன்னு நகரத்துல நினைக்கறீங்க. மூணு வகை. 3,800 ரூபாய் டயர் ஒண்ணு. 450 ரூபாய்க்கு பேர் உள்ள கம்பெனி செய்யறது ஒண்ணு. மூணாவது, பேர் தெரியாத, தள்ளுவண்டியிலயும் சந்தையிலயும் 220, 250க்குத் தொங்குற டயர். முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல இருக்கறது சொகுசு, வேகம், எடை. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல இருக்கறது கை கால்.

எனக்குத் தெரிஞ்ச விதம் இது. நாலு வருஷம் முன்னால, பசுவுக்கு மடி நோய் வந்து வைத்தியச் செலவு ஏறிப்போன மாசம். முன் டயர் மொட்டையாயிடுச்சு. 450 குடுக்க மனசு வரலை. சந்தையில 230க்கு ஒண்ணு வாங்கிப் போட்டேன். பார்க்க அசல் பட்டன் டயர் மாதிரிதான் இருந்துச்சு, இன்னும் சொன்னா பட்டன் பெருசா, அழகா. மூணு மாசத்துல வெயில்ல வெடிப்பு விட்டுச்சு. அடுத்த மாசம் பக்கத்துல எலுமிச்சம்பழம் அளவு ஒரு வீக்கம். தெரிஞ்சும் ஓட்டினேன், அது என் தப்பு. கூட்டுரோட்டுக்கு இறங்கற சரிவுல, விடிகாலை, ரெண்டு கேன்ல பால். பட்டுனு ஒரு சத்தம். அடுத்தது தெரியறப்ப நான் சரளையில கிடக்கறேன், பால் செம்மண்ணுல ஓடி ரோஸ் நிறமா நுரைக்குது. பதினாலு லிட்டர். இடது மணிக்கட்டுல எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு, அந்த ஆறு வாரமும் பால் கறக்கக் கூலிக்கு ஆள். 220 ரூபாய் மிச்சம் பிடிச்ச கணக்கு எங்க போய் முடிஞ்சதுன்னு நீங்களே போட்டுக்கங்க.

அந்த டயரை அறுத்துப் பார்த்தேன். பழைய ரப்பரைக் கரைச்சுச் சேர்த்த மாதிரி பொடிப்பொடியா உதிருது. உள்ள நூல் இருக்கு, ஆனா கையால இழுத்தா அறுந்து வருது. பக்கத்துல எவ்வளவு காத்து அடிக்கலாம்னுகூட அச்சடிக்கலை. சைக்கிள் டயருக்கு ஐ.எஸ். 2414ன்னு அரசாங்கத் தரக்கட்டுப்பாடே இருக்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு பார்க்கறதுக்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தை நான் அன்னிக்குப் பார்க்கலை.

எங்க பையன் போன்ல சண்டை போடுவான். "நீங்க சமதரையில பால் ஏத்தறீங்க. ஏற்காட்டுல கல்லு மேல இறங்கறவனுக்கு அந்த ரப்பர் பிடிப்பு வேணும்ப்பா, அங்க 450 ரூபாய் டயர் வழுக்கும்." சரிதான், ஒத்துக்கறேன். அந்த மாதிரி ஓட்டறவங்க நல்லதா வாங்கணும். பணம் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா முன் சக்கரத்துக்கு வாங்கணும். பின் டயர் வழுக்கினா வண்டி ஆட்டம் காட்டும், பிடிச்சுக்கலாம். முன் டயர் வழுக்கினா பிடிக்க நேரமே இருக்காது. எங்க ஊர்ல தலைகீழாச் செய்யறாங்க, சீக்கிரம் தேயறது பின்னாடிதான்னு புதுசைப் பின்னாடி போட்டு, மொட்டையை முன்னாடி மாத்தி விடுவாங்க. ஆனா பையா, ஞாயித்துக்கிழமை ஈ.சி.ஆர். தார் ரோட்டுல எண்பது கிலோமீட்டரும், காட்டுப் பாதையில எட்டு கிலோமீட்டரும் ஓட்டறவருக்கு அந்தப் பட்டனே வேண்டாத சுமை. தார்ல அது உறுமிக்கிட்டே உங்க கால் பலத்தை உறிஞ்சும். நடு மட்டமா இருக்கிற டயர் போதும்.

காத்து விஷயம். அந்தச் சென்னைத் தம்பியோட முன் சக்கரத்தைக் கட்டைவிரலால அழுத்தினேன், கல்லு மாதிரி இருந்துச்சு. எவ்வளவுன்னு கேட்டா 65. டயர்ல போட்டிருக்கற உச்ச அளவு அது. அதையே அடிச்சுட்டு, "சரளையில வழுக்குதுண்ணா"ன்னா என்ன செய்யறது? நான் 62 கிலோ, பாலோட சேர்த்துத் தொண்ணூறு வரும். பின்னாடி 50, முன்னாடி 40க்கு மேல அடிக்க மாட்டேன். ஏரிக்கரை மணல்ல போறதா இருந்தா இன்னும் கொஞ்சம் இறக்குவேன். அவர் டயர்ல முன்னாடி கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். போய்த் திரும்பி வந்து சிரிச்சார்.

இன்னொரு குழப்பம், அளவு. 26 இன்ச்னு கேட்டு வாங்கிட்டு வந்து மாட்ட முடியாம நிக்கறவங்களை மாசத்துக்கு ஒருத்தரையாவது பார்க்கறேன். பெண் பிள்ளைங்க ஓட்டற சாதா சைக்கிள்ல பெரும்பாலும் 26 x 1 3/8. பட்டன் டயர் சைக்கிள் 26 x 1.95. ரெண்டுமே 26தான், ரிம் அளவு வேற. ஓரத்துல சின்ன எழுத்துல 37-590, 50-559னு போட்டிருக்கும். அந்தக் கடைசி மூணு எண்ணைப் பார்த்து வாங்கினா திரும்ப நடக்க வேண்டாம்.

அந்த 590 இப்ப என் வீட்டுத் தூண்ல தொங்குது. அதுக்கு ஒரு கதை. எங்க அண்ணன் பேத்திக்குப் பிளஸ் ஒன்ல அரசாங்கம் குடுத்த சைக்கிள். எங்க ஊர்ல பெண் பிள்ளைங்க பள்ளிக்கூடம் நிக்காம இருக்கறதுக்கு அந்தச் சைக்கிளும் ஒரு காரணம்னு நான் எங்க வேணாலும் சொல்லுவேன். ஆனா டயர் ஒன்றரை வருஷம்தான் வரும், அப்புறம் மாத்தறது அப்பன் தாத்தா பொறுப்பு. அங்கதான் அந்தச் சந்தை டயர் உள்ள வருது. முன் டயர்ல நூல் தெரியுதுன்னு அந்தப் பொண்ணு நாலு தடவை சொல்லிட்டா. அண்ணன் சந்தையில 200க்குப் பார்த்து வச்சிருந்தார். "அது ஓட்டறது மூணு கிலோமீட்டர்தானேடா, இதுக்குப் போய் கம்பெனி டயரா?"ங்கறார். மூணு கிலோமீட்டர்தான். அதுல கொஞ்ச தூரம் திண்டிவனம் நாலுவழிச் சாலை ஓரம், பின்னாடியே மணல் லாரி. இதே அண்ணன் போன மாசம் மோட்டார் சைக்கிளுக்கு 2,000 ரூபாய்க்கு டயர் மாத்தினப்ப ஒரு வார்த்தை பேரம் பேசலை.

ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லாம இருந்தோம். நேத்து நானே கூட்டுரோடு போய் 380க்கு நைலான் நூல் டயரா, முத்திரை பார்த்து வாங்கிட்டு வந்துட்டேன். சனிக்கிழமை அவளுக்கு லீவு, சைக்கிளை இங்க விட்டுட்டுப் போறதாச் சொல்லியிருக்கா. முன் பிரேக் கட்டையும் தேய்ஞ்சு கிடக்காம், அதையும் சேர்த்துப் பார்க்கணும்.