இடாப்பில் ஓர் ஊர், இருப்பது ஓர் ஊர்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எம்மவர் பெருந்தொகையாய் வாழ்கின்றனர். கடை வைத்திருக்கின்றனர், கோயில் கட்டியிருக்கின்றனர், பிள்ளைகளைப் படிப்பிக்கின்றனர், மாநகர சபைக்கு வரியும் இறுக்குகின்றனர். ஆனால், தேர்தல் நாளன்று இவர்களுள் எத்தனை பேர் வாக்குச் சாவடிக்குச் செல்கின்றனர்? இக்கேள்வி சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் கேட்டேயாக வேண்டும்.

வாக்குரிமையின் அருமையை எமக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. 1931ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களோ, தோட்டங்களிலும் நகரங்களிலும் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரிற் பெரும்பாலோரிடமிருந்து அதனைப் பறித்தன. எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. பறிக்கப்பட்ட உரிமைக்காக அரை நூற்றாண்டு அழுத சமூகம், கைக்கு வந்த உரிமையை வீட்டிலே பூட்டி வைப்பது முறையாகுமா?

நாடளாவிய கணக்கைப் பாருங்கள். 2024 செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் 79.46 சதவீதமானோர் வாக்களித்தனர். எட்டு வாரங்களுக்குள், நவம்பர் 14இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அத்தொகை 68.93 சதவீதமாகச் சரிந்தது. ஏறத்தாழ 18 இலட்சம் பேர் இரண்டாம் முறை வரவில்லை. வந்தோரிலும் 6,67,240 பேரின் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அத்தேர்தலிலேதான் கொழும்பு மாவட்டத்திற் போட்டியிட்ட மனோ கணேசன் தோல்வியுற்று, பின்னர் தேசியப் பட்டியல் வழியாகப் பாராளுமன்றம் புகுந்தார். அவருடைய கட்சியை ஏற்பதும் மறுப்பதும் வாசகர் விருப்பம். தலைநகரத் தமிழர் ஒருவரைத் தம் வாக்கினாலேயே அனுப்பும் வலிமையை இழந்து வருகின்றனரா என்பதே நாம் எழுப்பும் வினா.

எல்லாவற்றையும் அசட்டை என்று கூறித் தப்பித்தல் நேர்மையன்று. கொழும்பிலே இருபது ஆண்டு வாழ்ந்தவரின் பெயரும் இன்னும் ஊரின் தேருநர் இடாப்பிலேயே இருப்பதுண்டு. வாடகைக்கு இருப்பவரின் பெயரைப் படிவத்திற் சேர்க்க வீட்டுக்காரர் தயங்குகிறார். பின்னாளில் வீட்டுக்கு உரிமை கோருவாரோ என்ற அச்சம் அவருக்கு. தொடர்மாடியிலோ கிராம உத்தியோகத்தர் யாரென்றே பலருக்குத் தெரியாது. இவை மெய்யான தடைகளே.

இன்னொரு வாதமும் உண்டு. அதனை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். மாவட்டங்களுக்குரிய ஆசனங்கள் பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகையைக் கொண்டே பங்கிடப்படுகின்றன. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள் இருந்தன; 2015இல் 7; 2024இல் 6. இந்நிலையில் ஊர்ப் பதிவையும் நீக்குவது துரோகமன்றோ என்று கேட்போர் உளர். இரவு பஸ்சேறி ஊர் சென்று வாக்களித்து மீள்வோரை நாம் வணங்குகிறோம். ஆனால் ஊருக்கும் போகாமல், இங்கும் பதியாமல் இருப்போர் யாருக்குத் துணை? வெறும் பெயர் ஆசனத்தைக் காக்கலாம். அவ்வாசனத்தில் அமர்பவரைத் தெரிவு செய்யுமா? வாழுமிடத்திற் பதிதலே சட்டத்தின் நோக்கமுமாகும்.

பதிவு என்பது வாக்குக்கு மட்டும் உரியதன்று. 2007 ஜூன் 7ஆந் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனரே, மறந்தோமா? ‘இங்கே உமக்கு என்ன வேலை?’ என்பதே அன்று அவர்களிடம் கேட்கப்பட்டதன் சாரம். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்தது. பதிவு இருந்தால் அநீதியே நேராது என்று நாம் கூறவில்லை. இந்நகரில் எமக்கும் பங்குண்டு என்பதற்குத் தேருநர் இடாப்பு ஓர் எழுத்துச் சான்று என்கிறோம்.

மாநகர சபைத் தேர்தலைச் சிறிதென எண்ணுவோருக்கு ஒரு சொல். 2023 மார்ச் 9இல் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணங்காட்டி நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமை மீறலென 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதியில் 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. 117 உறுப்பினர் கொண்ட கொழும்புச் சபையில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஜூன் 16இல் மேயர் பதவி 61க்கு 54 என்ற வாக்குகளால் முடிவாயிற்று. வித்தியாசம் ஏழே வாக்குகள்! நான்கு உறுப்பினர் மறுபக்கம் சாய்ந்திருப்பின் முடிவே மாறியிருக்கும். ஒரு வட்டாரத்தின் விலை என்னவென்று இப்போது விளங்குகிறதல்லவா? வடிகாலும் குப்பையும் தெருவிளக்கும் அச்சபையின் கையிலேதான் இருக்கின்றன.

ஆகவே, எவருக்கு வாக்களியுங்கள் என்று நாம் இன்று கேட்கவில்லை. அடுத்த கணக்கெடுப்புப் படிவம் வரும்போது அதனைக் கேட்டு வாங்குங்கள். குடியிருப்போரின் பெயரை மறைக்காதீர்கள், வீட்டுக்காரர்களே! கோயிற் சபைகளும் ஊர்ச் சங்கங்களும் திருவிழா நோட்டீசுடன் இடாப்புப் பணியையும் ஏற்கட்டும். வயது வந்த பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பெற்றோர் பார்க்கட்டும்.

எம்மை எண்ணாதவர்களைக் குறைகூறுமுன், எண்ணப்படும் இடத்தில் நாம் நிற்கிறோமா என்று பார்ப்போம்.