கழுவெளியைத் தூர்த்தார்கள், வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது!

சென்னை வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் வாசிகளுக்கு மழைக்காலம் வந்தால் தூக்கம் போச்சு. காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிறார்கள். பீரோவின் கீழ்த்தட்டில் உள்ள பத்திரங்களை மேல்தட்டுக்கு மாற்றுகிறார்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரிலும் பட்ட பாடு அப்படி!

ஏன் இந்தக் கதி? விவரம் வருமாறு:-

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் கழுவெளி. 1960-களில் இது சுமார் 5,500 எக்டேர் பரந்து கிடந்தது. சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் இங்கேதான் வரும். சுமார் 250 சதுர கிலோ மீட்டரில் பெய்கிற மழைக்கு இதுதான் தாங்கல். இங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளத்தில் கடலைச் சேரும்.

ஆனால், சர்க்கார் கணக்கில் இது வெறும் தரிசு! நெல் விளையாத நிலம் தரிசு என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. தரிசு என்று எழுதிவிட்டால் அப்புறம் கேட்பானேன்?

பெருங்குடியில் மாநகராட்சி குப்பையைக் கொட்டியது. அது 200 ஏக்கருக்கு மேல் மலையாய் வளர்ந்தது. கழிவுநீர் நிலையம் வந்தது. துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பு நிலத்தை நடுவே அறுத்துக்கொண்டு போயிற்று. ஐ.டி. கம்பெனிகளும், பின்னாலேயே அடுக்குமாடி வீடுகளும் வந்தன. தனியாரை மட்டும் திட்டிப் பயனில்லை.

இன்று மிச்சம் இருப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

பறவைகள் பாடு

பூநாரைக்கு முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர் போதும். தாழைக்கோழிக்கு கோரை மறைவு வேண்டும். கூழைக்கடாவுக்கு மீன் வேண்டும். நிலத்தைத் துண்டு போட்டால் ஒரு பக்கம் தேங்குது, மறுபக்கம் காயுது. குப்பையில் ஊறிய கறுப்புத் தண்ணீர் வேறு. 2022 ஏப்ரலில் குப்பை மேட்டில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. இத்தனைக்கும் நடுவில் பறவைகள் இன்னும் வருவதுதான் ஆச்சரியம்!

கோட்டுக்கு வெளியே

2007-ல் 317 எக்டேர் காப்புக்காடு ஆனது. 2022-ல் சுமார் 1,248 எக்டேர், சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நல்ல காரியம்தான். ஆனால், சட்டம் காப்பது கோட்டுக்கு உள்ளே. ஏரிகளிலிருந்து தண்ணீர் வரும் வாய்க்கால்கள் கோட்டுக்கு வெளியே கிடக்கின்றன. அங்கேதான் கட்டிடம் முளைத்தது.

பட்டியலில் சேர்ந்த மறுவருடமே மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் அடுக்குமாடி வளாகத்துக் கார்கள் பொம்மை போல மிதந்து போயின. பல தெருக்களில் படகு விட்டு ஜனங்களை மீட்டார்கள்.

சிக்கியவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள். மாதம் பிறந்தால் தவணை கட்டுகிறவர்கள். பட்டா இருக்கு, பிளான் அனுமதி இருக்கு, பாங்கியும் கடன் கொடுத்தது. "இது தண்ணீர் நிற்கிற இடம்" என்று அந்தக் காகிதம் எதிலும் ஒரு வரி இல்லை.